பழகாத பாதையில் ஒரு வருடம்: தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படித்த புத்தகங்கள்

கரும்பனை, கொழிஞ்சாம்பாறை

வருடக் கடைசியில் எல்லோரும் பட்டியல் போடுகிறீர்கள். என்னுடையது பட்டியலாக வராது. மனசில் நின்றதை மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஜனவரியில் எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். சரித்திர நாவலும் துப்பறியும் கதையும் கொஞ்ச நாள் ஓரமாக இருக்கட்டும். இதுவரை கை வைக்காத எழுத்தாளர், எடுத்துப் புரட்டிவிட்டுப் பயந்து திரும்ப வைத்த புத்தகம், இதுதான் இந்த வருடம். நினைப்பெல்லாம் தூர தேசத்தில்தான் இருந்தது.

முதலில் எடுத்தது கூகி வா தியாங்கோவின் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. விசாரணையே இல்லாமல் கிட்டத்தட்ட 1978 முழுக்க அவரைக் கென்யாவின் கமிட்டி என்னும் சிறையில் போட்டிருந்தார்கள். அங்கே கழிப்பறைக் காகிதத்தில் எழுதிய நாவல் இது. அதுவரை ஆங்கிலத்தில் எழுதிப் பேர் வாங்கியவர், இதைத் தன் தாய்மொழியான கிக்கூயுவில் எழுதினார். புத்தகம் வந்ததும் கென்யாவில் ஒருவர் சத்தமாக வாசிக்க, வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டதாம். மதுக்கடைகளிலும் வாசித்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டபின் நானும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். ஊரை அடித்து உலையில் போட்டவர்கள் எல்லாம் ஒரு குகையில் கூடி, யார் பெரிய திருடன் என்று மேடை ஏறிப் போட்டி போடும் இடம் ஒன்று வரும். அம்மா தையலை நிறுத்திவிட்டுக் கேட்டார். மறுநாள் சமையல் நடுவே, "அந்த ரெண்டாவது திருடன் சொன்னதைத் திரும்பப் படி" என்றார். படிப்பை நாலாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய பரிசு என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் கமுவின் 'அந்நியன்'. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகச் செய்த தமிழ். ஒரே மூச்சில் முடித்தேன். பிடித்தது, ஆனால் என்னோடு ஒட்டவில்லை.

இதற்கு நடுவே ஒரு விஷயம் உறைத்தது. கென்யா வரை போய்விட்டேன், பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தஸ்ராக்கை வைத்து எழுதிய 'கசாக்கின் இதிகாசம்' இன்னும் படிக்காமல் கிடக்கிறது. ஓ.வி. விஜயனின் நாவல், 1969-இல் புத்தகமாக வந்தது. யூமா வாசுகியின் தமிழாக்கம். அதற்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. அலமாரியில் வெகுகாலமாகத் தூசி தின்ற பிரதி அது.

ஓராசிரியர் பள்ளி நடத்த ரவி கூமன்காவில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். அந்த முதல் பக்கத்திலேயே நான் விழுந்துவிட்டேன். கணவாய்க் காற்று பனங்காட்டுக்குள் புகுந்து போடும் இரைச்சலைப் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ஆடி மாதம் வந்தால் மொட்டைமாடியில் துணி நிற்காது. அந்தக் காற்றை ஒருவர் இப்படி எழுத முடியும் என்று தெரியாமலே இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். அதில் வரும் அல்லாப்பிச்சா மொல்லாக்காவை மறக்க முடியாது. பள்ளிக்கூடம் வந்தால் தன் மதரசாவுக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று எதிர்த்து நிற்கிற மனிதர். செருப்பு கடித்த புண் காலில் ஆறாமலே இருக்கிறது. நாவல் நகர நகர அந்தப் புண்ணும் கூடவே வளர்கிறது. கடைசியில் யாரை எதிர்த்தாரோ அவர்களிடமே ஒதுங்க வேண்டிய நிலை. அவர் வருகிற பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதிலிருந்து என் வருடம் திசை மாறியது. தெற்கே இறங்கினேன். திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவனின் 'கடைத்தெருக் கதைகள்', 'கிருஷ்ணப்பருந்து'. நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்'. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'.

'சாய்வு நாற்காலி' பற்றி ஒரு வார்த்தை. மார்த்தாண்ட வர்மா காலத்துப் பெருமையைச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் முஸ்தபாக்கண்ணு, சாப்பாட்டு ஆசைக்காக வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்கிறார். பாத்திரம் போகிறது, மரச்சாமான் போகிறது. பெண்களை அடிக்க வைத்திருக்கும் அதபுப் பிரம்பு மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. தறவாடு என்கிற பரம்பரை வீடு இடிந்து விழும் கதைகள் இரண்டு மொழியிலும் நிறைய உண்டு. இவ்வளவு கோபமும் இவ்வளவு பரிவும் ஒன்றாகக் கலந்ததை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

நீங்கள் எல்லாம் என்ன படித்தீர்கள்? எல்லையோரத்துக்காரர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

செங்கோட்டை பாசஞ்சர்

அருமை அண்ணா. மொல்லாக்காவைப் பற்றி நீங்கள் எழுதியதற்காகவே மறுபடி எடுக்கப்போகிறேன்.

என் பங்குக்குத் தகழியின் 'தோட்டியின் மகன்'. 1947-இல் வந்த மலையாள நாவல், சுந்தர ராமசாமி இளவயதில் தமிழாக்கியது. ஆலப்புழை நகரத்தின் மலத்தைச் சுமந்தவர்களின் மூன்று தலைமுறைக் கதை. அந்தத் தோட்டிகளின் பெயர்களைப் பாருங்கள்: இசக்கிமுத்து, சுடலைமுத்து. நம் பக்கத்துக் கோவில்களில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர்கள். மலை தாண்டிப் போய் வாளி தூக்கியவர்கள் யார் என்று புத்தகம் எங்கேயும் அடிக்கோடு போடவில்லை, பெயரே போதும். சுடலைமுத்து தன் பையனுக்கு மோகனன் என்று பெயர் வைக்கிறான். தோட்டி மகனுக்கு இப்படி ஒரு பெயரா என்று ஊர் பார்க்கிறது. தான் செய்த வேலை பையன் கைக்குப் போகக்கூடாது என்று அந்த மனிதன் படும் பாடு இருக்கிறதே, அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தன் பிள்ளையைக் கரையேற்ற வேண்டும் என்பதற்காகவே கூட வேலை செய்யும் ஆட்களுக்கு அவன் துரோகம் செய்கிறான். நல்லவன், கெட்டவன் என்று பிரிக்க விடமாட்டார் தகழி.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். எங்கள் தாத்தாவின் பழைய பத்திரங்கள் எல்லாம் மலையாளத்தில்தான் இருக்கின்றன. வீட்டில் வாசிக்க ஆளில்லை. இந்த வருடம் அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். புனலூர் ரயிலில் கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் வரும்போது மட்டும் நோட்டை மூடிவிட்டு வெளியே பார்ப்பேன்.

இன்னொன்று, 'திருடன் மணியன்பிள்ளை'. ஒரு நிஜத் திருடர் சொல்லச் சொல்ல ஜி.ஆர். இந்துகோபன் எழுதியது, குளச்சல் மு. யூசுப் தமிழாக்கம். அதுவும் அகாதெமி பரிசு வாங்கியதுதான். கொல்லத்தில் திருடியவர் மைசூர் போய் வேறு பெயரில் பெரிய பணக்காரராகி, ஊரே மதிக்கும் நேரத்தில் பிடிபடுகிறார். ராத்திரி ஒரு வீட்டுக்குள் நுழைபவனுக்கு அந்த வீட்டைப் பற்றி என்னென்ன தெரியும் என்று அவர் சொல்லும் இடங்கள் எந்தக் கதாசிரியனாலும் கற்பனையில் எட்ட முடியாதவை.

வடகிழக்கு

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பக்கத்து ஊர் நாவல் படிப்பது எப்படிப் புதுப்பாதை ஆகும்? பஸ் ஏறினால் வந்துவிடும் இடம். ஆப்பிரிக்க நாவலை அம்மாவுக்கு வாசித்ததுதான் உண்மையான துணிச்சல். அங்கிருந்து திரும்பி வந்துவிட்டீர்களே என்று எனக்கு வருத்தம்.

கரும்பனை, கொழிஞ்சாம்பாறை

நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன்.

கென்யாவைப் பற்றி எனக்கு எந்த முன்முடிவும் இல்லை. அதனால் அந்த நாவல் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டேன். பக்கத்து ஊர் விஷயம் வேறு. வேலந்தாவளம் எல்லைச் சாவடியை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தாண்டுகிறேன். மலையாளிகளோடு கடை, ஆஸ்பத்திரி, கல்யாணம், கட்சிக்கூட்டம் எல்லாம் உண்டு. அவர்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்றுதான் எங்கள் பக்கத்தில் பேசுவோம். எங்களைப் பற்றி அவர்கள் பேசுவதும் அப்படித்தான். சித்தூரில் வருடாவருடம் கொங்கன்படை திருவிழா நடக்கிறது. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த கொங்கனை பகவதி விரட்டியடித்த கதை அது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். விரட்டப்பட்ட கொங்கன் வழியில் வந்தவர்கள் நாங்கள்தான் என்று யாரும் சொல்லித் தரவில்லை, எல்லோரும் சேர்ந்துதான் வேடிக்கை பார்த்தோம். இவ்வளவு நெருக்கத்தில் வாழ்ந்தும் ஒரு மலையாளி வீட்டின் உள்ளறையில் என்ன பேசிக்கொள்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே இந்தப் புத்தகங்களைப் படித்த பிறகுதான் புரிந்தது.

தெரியும் என்று நினைத்திருந்த ஆளைப் பற்றிய நினைப்பை மாற்றிக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தூர தேசத்து நாவல் எதுவும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. அதனால்தான் இதைத் துணிச்சல் என்று சொல்கிறேன்.

தென்கிராமம்

கசாக் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. நான் சித்தூர்க்காரி, மலையாளத்திலும் தமிழிலும் படித்தேன். மொழி அற்புதம், காற்று அற்புதம், அப்புக்கிளி தும்பி பிடிக்கும் இடங்கள் அற்புதம். ஆனால் ரவியோடு என்னால் நடக்க முடியவில்லை. ஊருக்கு வாத்தியாராக வந்தவன், ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்கள் அவனுக்காகத் திறந்து கிடக்கிறார்கள். மைமூனா எவ்வளவு பெரிய பாத்திரம்! அவள் தனக்குள் என்ன நினைத்தாள் என்று ஒரு பக்கமாவது வேண்டாமா? அவன் குற்ற உணர்ச்சிக்கு முழு நாவல் இருக்கிறது, அவளுக்கு மணிக்கட்டும் வளையலும்தான். இதைச் சொன்னால் எங்கள் வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், சண்டைக்கு வருவார்கள். அந்த நாவல் அங்கே சாமி மாதிரி.

அதனால் என் வருடத்தின் புத்தகம் வேறு. லலிதாம்பிகா அந்தர்ஜனம் எழுதிய ஒரே நாவல் 'அக்னிசாட்சி', 1976. சிற்பி பாலசுப்பிரமணியம் தமிழாக்கம். நம்பூதிரி இல்லத்துக்குள் மருமகளாகப் போன தேவகி, அந்தச் சுவருக்குள் மூச்சு முட்டி வெளியே வருகிறாள், போராட்டத்துக்குப் போகிறாள், கடைசியில் துறவியாகிறாள். கணவன் உண்ணி கொடுமைக்காரன் கிடையாது, அதுதான் நாவலின் பலம். ஆசாரத்துக்கும் அவளுக்கும் நடுவே நின்று ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியாத நல்ல மனிதன். எழுதியவர் அதே மாதிரி இல்லத்தில் பிறந்து வளர்ந்தவர். உள்ளே இருந்து எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைப் படியுங்கள்.

அடுத்தது கே.ஆர். மீராவின் 'ஆராச்சார்'. கொல்கத்தாவில் தூக்குப் போடும் பரம்பரையில் வந்த இருபத்திரண்டு வயதுச் சேதனா. கோட்டயத்தில் உட்கார்ந்து கொல்கத்தாவை இப்படி எழுதியிருக்கிறார். பெரிய புத்தகம், நடுவில் கொஞ்சம் இழுக்கும். பரவாயில்லை, விடாதீர்கள்.

கம்பம் மெட்டு

எனக்கு ஒரு சந்தேகம். குமரி மாவட்டத்து நாவல்கள் எடுத்தால் பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. பேச்சுவழக்கு வழுக்கிவிடுகிறது. நானும் தமிழ்தான் பேசுகிறேன், குமுளிக்குப் போய்வந்து மலையாளமும் அரைகுறையாய் வரும். இருந்தும் முடியவில்லை. எல்லோரும் எப்படிப் படிக்கிறீர்கள்?

மார்த்தாண்டம் வாசகி

தம்பி, கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். மேலே அண்ணன் அம்மாவுக்கு வாசித்ததாக எழுதியிருக்கிறாரே, அதே வழிதான். முதல் அத்தியாயம் முழுக்கச் சத்தமாகப் படித்தால் காது பழகிவிடும், அப்புறம் தானாக ஓடும். எங்கள் பேச்சு காதுக்கானது.

தொடங்குவதற்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' எடுங்கள். 1964-இல் வந்தது, சின்ன நாவல். இந்த இழையில் யாரும் அதைச் சொல்லவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. அவர் திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். பனைவிளையில் ஒரு பழைய வீடு, பெருமை மட்டும் மிச்சம். லிஸி பெரியவளானதும் பள்ளிக்கூடம் நிற்கிறது, வீட்டுக்குள் அடைப்பு. பனையேறியின் மகன் தங்கராஜ் மீது அவளுக்குப் பிரியம். அவ்வளவுதான் கதை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெண் எத்தனை வருடம் எப்படிக் காத்திருக்கிறாள், ஒரு சத்தம் போடாமல் எப்படித் தன் முடிவில் நிற்கிறாள் என்று அவர் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அவளுடைய தாத்தா கண்ணப்பச்சி திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் படித்தபோது எங்கள் வீட்டுத் தாத்தாவின் இருமல் சத்தம் கேட்டது.

தென்கிராமம் அக்கா, ரவி பற்றி நீங்கள் சொன்னதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். லிஸியைப் படித்துவிட்டு மைமூனாவிடம் போனால் இன்னும் நன்றாகத் தெரியும்.

மூணாறு லயம்

நான் அதிகம் எழுதுபவன் இல்லை. இந்த வருடம் முழுசாகப் படித்தது ஒரே புத்தகம், 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969-இல் எழுதியது, இரா. முருகவேள் தமிழில் கொடுத்தார். டேனியல் எஸ்டேட்டில் டாக்டராக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கருப்பனையும் வள்ளியையும் ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஆசை காட்டி ஆனைமலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறான். முன்பணம் வாங்கிய கடன் தீர்வதே இல்லை. வருடம் முழுக்க உழைத்துக் கணக்குப் பார்த்தால் கடன் ஏறித்தான் இருக்கும். மலேரியாவில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள்.

அது வால்பாறைக் கதை. எங்களுடையது இந்தப் பக்கம், தேவிகுளம். ஆனாலும் எங்கள் பாட்டி சொல்லும் கதையும் அதுவேதான். குளிருக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்ததை அவர் சொல்வார். புத்தகத்தில் அந்தச் சாக்கு வந்ததும் மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். முடிக்க ரொம்ப நாள் ஆனது. எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், இன்னும் ரெண்டு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

செங்கோட்டை பாசஞ்சர்

மூணாறு அண்ணா, இந்த இழையின் சிறந்த பதிவு உங்களுடையது. பாட்டி சொல்வதை எழுதி வையுங்கள். தயவுசெய்து.

வடகிழக்கு

என் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் பதில் பிடித்திருக்கிறது. 'புத்தம் வீடு' வாங்கப்போகிறேன். எல்லாவற்றையும் வாங்கக் காசு கட்டாதே, எங்கே கிடைக்கும்?

கரும்பனை, கொழிஞ்சாம்பாறை

கேரளப் பக்கம் இருப்பவர்கள் முதலில் உள்ளூர் வாயனசாலைக்குப் போங்கள். கிராமத்துக்குக் கிராமம் இருக்கும். பி.என். பணிக்கர் மாதிரி ஆட்கள் 1945-இல் கிரந்தசாலை சங்கம் என்ற நூலகச் சங்கம் தொடங்கிக் கட்டி எழுப்பியது. அவர் நினைவு நாளான ஜூன் 19-ஐத்தான் அங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் ஊர் வாயனசாலையில் தமிழுக்கு ஒரு அலமாரி உண்டு. பாதிக்கு மேல் பழைய வார இதழ்த் தொகுப்பு, ஆனால் கேட்டால் வாங்கி வைக்கிறார்கள். கேட்பதற்கு ஆள் வேண்டும், அதுதான் விஷயம். நாலு பேராகப் போய்க் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம், மீரானின் புத்தகங்கள் வந்தன. தமிழ்நாட்டுப் பக்கம் கிளை நூலகங்களிலும் இப்படிக் கேட்கலாம்.

தென்கிராமம் மேடம் சொன்னதைப் பற்றி. ரவி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அந்தப் புத்தகம் எனக்கு ரவியின் கதையாகப் படவே இல்லை, மொல்லாக்காவின் கதையாகவும் ஊரின் கதையாகவும்தான் பட்டது. அம்மை பரவும் அத்தியாயத்தில் குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்போது ரவி யார் என்பதே எனக்கு முக்கியமாக இல்லை. ஆனாலும் மைமூனாவுக்கு ஒரு பக்கம் இருந்திருக்கலாம் என்பது மறுக்க முடியாத பேச்சு. 'அக்னிசாட்சி'யை இன்றே கேட்டு வைக்கிறேன்.

கம்பம் தம்பி, ஆ. மாதவனைக்கூட முதலில் எடுக்கலாம். சாலைத் தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும், ஆனால் வாக்கியம் சின்னது, ஆட்கள் உடனே முன்னால் வந்து நிற்பார்கள். கடைச் சுமைதூக்கி, திருட்டுப் பையன், விலைமாது, எல்லோரையும் அவர் கடைக்குள் இருந்தபடியே பார்த்திருக்கிறார். யாரையும் திருத்தப் பார்க்கமாட்டார்.

தென்கிராமம்

அம்மை அத்தியாயம் பற்றிச் சொன்னது சரி. அதை நானும் கண்ணீரோடுதான் படித்தேன். சண்டை முடிந்தது என்று சொல்லவில்லை!

அடுத்த வருடத்துக்கு நான் எடுத்து வைத்திருப்பது நாராயனின் 'கொச்சரேத்தி'. மலையரையர் என்ற பழங்குடிச் சமூகத்தில் பிறந்து தபால் துறையில் வேலை பார்த்தவர் தன் மக்களைப் பற்றி எழுதிய நாவல், 1998-இல் வந்தது. நாம் இவ்வளவு நேரம் தமிழர், மலையாளி என்றே பேசிக்கொண்டிருந்தோம். மலையில் இருந்தவர்களுக்கு இந்த எல்லை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். தமிழிலும் வந்திருக்கிறது. என்னிடம் மலையாளப் பிரதிதான் இருக்கிறது.

மார்த்தாண்டம் வாசகி

தமிழ்ப் பிரதி என்னிடம் இருக்கிறது அக்கா. பொங்கல் முடிந்து தங்கச்சி வீட்டுக்குப் பொள்ளாச்சி வருகிறேன், கொண்டுவருகிறேன். பதிலுக்கு 'அக்னிசாட்சி' வேண்டும்.

கம்பம் மெட்டு

'புத்தம் வீடு' நூலகத்தில் கிடைத்துவிட்டது. முதல் அத்தியாயம் வாய்விட்டுப் படித்தேன், தங்கச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது அத்தியாயத்தை அவள் வாசித்தாள். லிஸியைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் இடத்தில் இருக்கிறோம்.